ஒரு நூல்

கருங்கண்ணி தாண்டி, வெள்ளையாற்றுக் கரையில்,
மதகை ஒட்டிய கப்பித் திடலில்
வண்டியை நிறுத்தியதும் கஸ்பார் கேட்டார்:
"பெர்னி, குமிழி எங்க இருக்கு?"

அடுப்பு மேடைமேல் ரசமட்டம்.
பச்சைத் திரவத்துக்குள் அது
இரண்டு கோடுகளையும் விட்டு விலகி
சம்பந்தி வீட்டில் கோபித்துக்கொண்ட ஆள்போல
ஓரமாக உட்கார்ந்திருந்தது.
"மேற்கே" என்றேன்.
"மேற்கேன்னா மேற்கு உசரம். கிழக்கே தூக்கணும்."
முப்பத்தோரு வருஷம் பாய்லர் ஆலையில்
லேத் படுக்கைக்கு மட்டம் பார்த்தவர்.
எனக்கும் தெரியும். ஆனாலும் ஊருக்கு ஊர் சொல்வார்.

பள்ளிக்கூட வேனாக ஓடிய வண்டி.
வெள்ளைப் பூச்சு பெயர்ந்த இடத்தில்
மஞ்சள் எட்டிப் பார்க்கும்.
சீட்டுகளைக் கழற்றிவிட்டு
ஒரு கட்டில், ஒரு தொட்டி,
கேஸில் ஓடும் குட்டி ஃபிரிட்ஜ்.
இத்தனை மரியாதையும் அந்த ஃபிரிட்ஜுக்கு.
சாய்ந்து நின்றால் அதற்குக் குளிராது.
நான் சாய்ந்து படுத்தால் விடியும்வரை தலைவலி;
அது அவர் கணக்கில் இரண்டாவது.

இடித்த வீட்டில் விலைக்கு வாங்கிய
பனம்பலகை நான்கு.
கிழக்குச் சக்கரங்களுக்கு முன்னே இரண்டிரண்டாக அடுக்கி
அவர் ஏற்றுகிறார், நான் உள்ளிருந்து கத்துகிறேன்.
"ஏறு... ஏறு... இன்னும் ஒரு நூல்."
"நூலா, கயிறா?"
"நூலுன்னா நூலுதான்."
நிறுத்தினார். கல் முட்டுக்கொடுத்தார்.
டம்ளர் தண்ணீர் விளிம்பு பிசகாமல் நின்றது.

மதகுக் காவல் லஸ்கர் அமிர்தகடேசன்
சைக்கிளைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.
"இந்தச் சீமையே தட்டையாத்தானே சார் கெடக்கு?"
"தட்டையா இருந்தா தண்ணி எப்படி இங்க வரும்?"
"வந்தாப் பாப்போம்" என்றார் லஸ்கர்.
மேட்டூர் திறந்து இருபத்திரண்டு நாள்.
ஆற்றுக்குள் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

இரண்டு மணி இருக்கும்.
டார்ச் வெளிச்சம், ஓட்டம், கூச்சல்.
மடை மடை என்று அலறுகிறார்களா
மடையா என்று திட்டுகிறார்களா
அரைத் தூக்கத்தில் பிரியவில்லை.
தண்ணீர் வந்திருந்தது.
நுரை, சருகு, ஒற்றைச் செருப்பு,
எல்லாவற்றையும் முன்னே தள்ளிக்கொண்டு.

வடிகால் வாயில் பலகை இல்லை.
கோடையில் யாரோ அடுப்பெரித்துவிட்டார்கள்.
இத்தனை தூரம் நடந்து வந்த தண்ணீர்
வயலைப் பார்க்காமலே
கடலுக்கு வழி கேட்டது.

அமிர்தகடேசனின் டார்ச்
எங்கள் சக்கரத்தடியில் வந்து நின்றது.
அவர் ஒன்றும் கேட்கவில்லை.
கஸ்பார் லுங்கியை மடித்துக் கட்டினார்.
வண்டி பின்னால் இறங்கியபோது
அலமாரியிலிருந்து ஒரு பீங்கான் தட்டு விழுந்தது.
கல்யாணத்துக்கு வந்ததில் கடைசித் தட்டு.

மூன்று பலகை காடியில் இறங்கிவிட்டது.
நாலாவது இரண்டு விரல் நீளம்.
இடுப்பளவு தண்ணீரில் நின்று
யாரோ பிடிக்க, யாரோ அறுக்க,
பழக்கதோஷத்தில் கையோடு கொண்டுபோன ரசமட்டத்தை
அதன்மேல் வைத்துப் பார்த்திருக்கிறார் மனுஷன்.
"அரை நூல் குறையுது பெர்னி!"
கரையிலிருந்த எனக்குக் கேட்டது.
"போதும் சார், அது போதும்" என்று
லஸ்கர் கெஞ்சியதும் கேட்டது.

காலையில் மாவு கல்லில் கிழக்கே ஓடியது.
தோசை கடல் பக்கம் தடித்து
மேற்கே முறுகி வந்தது.
முறுகலைக் கிள்ளி அவர் தட்டில் போட்டேன்.
பால் திரிந்திருந்தது, கடுங்காப்பிதான்.
வண்டிக் கதவு தானே திறந்துகொண்டு
ஆடிக்கொண்டே நின்றது.
அதன் வழியே
வெடிப்பெல்லாம் மூடி, வரப்புவரை
வயலில் நிறைந்திருந்த தண்ணீரைப் பார்த்தபடி
அவர் சாப்பிட்டார்.

குமிழி மேற்கே இருந்தது.
அவர் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.